ஒன்றரைக் கட்டை தூரத்தில் ஒரு கப்பல்

வானொலியில் வரைபடம் விரித்துப் பேசிய ஒரே ஒரு மனிதரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இந்து சமுத்திரத்தின் வரைபடம் அது, துணி ஒட்டிய பழைய பள்ளிக்கூட வரைபடம். ஒஸ்லோவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய சாமான் சந்தையில் வாங்கியதாகச் சொன்னார். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் தமிழ் வானொலியின் நிலக்கீழ் ஒலிபரப்பு அறைக்கு வருவார். கோட்டைக் கழற்றுவதற்கு முன்னரே வரைபடத்தை மேசையில் விரிப்பார். சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் தேநீர்க் கோப்பை, இன்னொரு மூலையில் கண்ணாடிக் கூடு, மற்ற இரண்டிலும் கையில் அகப்பட்டவை. ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் இலங்கையின் தென்கரையில் விரலை வைத்து, "இங்கே பாருங்கள், நேயர்களே" என்று தொடங்குவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பலகையின் முன்னால் இருக்கும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "அண்ணை, நேயர்களுக்கு உங்கடை விரல் தெரியாது" என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். "தெரியாட்டிலும் பரவாயில்லை பிள்ளை, விரல் வைக்காமல் கடலைப் பற்றிக் கதைக்க எனக்கு வராது" என்றார்.

அவரை எல்லோரும் ஆய்வாளர் என்றுதான் அழைத்தோம். அவர் படித்துப் பட்டம் வாங்கிய ஆய்வாளர் அல்ல. ஒஸ்லோவில் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்தார். அதற்கு முன்னர், இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிய காலத்தில், தலைமன்னார் இறங்குதுறையில் கிளாக்கராக இருந்தவர். எந்த மாதத்தில் கடல் எப்படி இருக்கும், எந்தக் கரையில் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நானும் மன்னார்ப் பக்கம்தான். கல்யாணம் முடித்து இங்கே வந்தவள், மோர்டென்ஸ்ருட்டில் வீடு, லில்லெஸ்ட்ரோமில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வாரத்தில் ஒரு நாளாவது தமிழில் வாய்விட்டுக் கதைக்கலாமே என்றுதான் அந்த வானொலிக்குத் தொண்டராகப் போனேன். ஒலிப்பலகையை எப்படி இயக்குவதென்று ஒரே பின்னேரத்தில் காட்டித் தந்தார்கள். இரண்டு மாதம் பாட்டுக்கு மேல் பாட்டாக ஒலிபரப்பிப் பேச்சு வாங்கினேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. மருந்தில்லாத வருத்தம். உலக நாடுகள் அனைத்தும் எங்களைப் பற்றித்தான் இராப்பகலாக யோசித்துக்கொண்டிருக்கின்றன என்ற எண்ணம். எங்கோ இரண்டு வெளிநாட்டு அமைச்சர்கள் கைகுலுக்கினால், அந்தக் கைகுலுக்கலுக்குள் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று தமிழ்க் கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் விவாதம் நடக்கும். ஆய்வாளர் அண்ணை அந்த விவாதத்துக்கு ஒழுங்கும் மரியாதையும் கொடுத்தார், அவ்வளவுதான். தென்கரைத் துறைமுகத்தில் சீனா கால் வைத்தால் இந்தியா பொறுக்காது, இந்தியா அசைந்தால் அமெரிக்கா சும்மா இராது என்று ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். ஒரே நாட்டுக்குள் வெளியுறவு அமைச்சு ஒன்றைச் சொல்லும், உளவுத்துறை வேறொன்றைச் சொல்லும், உளவுத்துறைக்குள்ளேயே இரண்டு பிரிவு ஒன்றுக்கொன்று குழி பறிக்கும், அந்த இழுபறிக்கு நடுவில் ஆயுதம் தூக்கிய எங்கள் பெடியள் என்று விளக்குவார். ஒரு காலத்தில் பயிற்சி கொடுத்த நாடே பிறகு தடை போட்டது எப்படி என்பதை அவர் சொல்லக் கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்து கணினித்துறையில் வேலை செய்த தம்பி ஒருவர், வானொலியை இணையத்தில் கேட்க வழி செய்து தந்தவர், ஒருநாள் அசந்துபோய், "சார், டெல்லியைப் பத்தி எங்களைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றார். ஆய்வாளர் அண்ணைக்கு அன்றைக்கு ஏற்பட்ட பெருமையை மறைக்கத் தெரியவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் தொலைபேசிகள் வரும். "அண்ணை, இந்தக் கிழமை அமெரிக்கா என்ன செய்யும்?" என்று சாதகம் பார்ப்பவர்களைப் போலக் கேட்பார்கள். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். நான் கேலி செய்தாலும் அந்தப் பதில்களைக் காது கொடுத்துக் கேட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒஸ்லோவில் இருப்பது எங்களுக்கு வேறொரு பாரத்தையும் தலையில் ஏற்றியிருந்தது. சமாதானப் பேச்சுக்கு நடுவராக நின்ற நாட்டின் தலைநகர் இது. அதனால் ஊரில் இருந்தவர்கள், ஒஸ்லோவில் இருக்கும் ஒவ்வொரு தமிழனும் அமைச்சர்களின் வீட்டுக் குசினி வரை போய் வருகிறான் என்று நம்பினார்கள். பாரிசில் இருந்த மாமாவிடம் கேட்காத கேள்வியை என்னிடம் கேட்பார்கள். "நீங்கள் ஒஸ்லோவிலைதானே இருக்கிறியள், உங்களுக்குத் தெரியாதோ?" என்பார்கள். முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றுகிற எனக்கு என்ன தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வராது. அவர்கள் குரலில் இருந்த ஆசை அப்படி. "கதைச்சுக்கொண்டிருக்கினமாம், ஏதோ நடக்கப் போகுதாம்" என்று இழுத்து விடுவேன். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் இழுத்தோம். ஊரில் இருந்தவர்கள் எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். நாங்கள் ஆய்வாளர் அண்ணைக்குத் தெரியும் என்று நினைத்தோம்.

போரின் கடைசி மாதங்களில் என் தங்கை வன்னியில், கடற்கரைக்கும் நீரேரிக்கும் இடையில் ஒரு துண்டு நிலத்தில் மாட்டிக்கொண்டாள். கணவர், இரண்டு பிள்ளைகள், பக்கத்துக் குடும்பங்கள் என்று பதினொரு பேர் ஒரே பதுங்குகுழியில் இருந்தார்கள். அந்த மாதங்களில் நான் சாப்பிட்டதா தூங்கியதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேலை முடிந்ததும் போரை நிறுத்தச் சொல்லி நேரே நாடாளுமன்றத்தின் முன்னால் போய்ப் பனியில் நிற்போம். கால் விறைத்த பிறகுதான் வீட்டுக்கு வருவோம். சனிக்கிழமைகளில் வானொலி.

அந்தக் குளிர்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில்தான் ஆய்வாளர் அண்ணை முதன்முதலாகக் கப்பலைப் பற்றிச் சொன்னார். மக்களை ஏற்றிப் போக வல்லரசு ஒன்று கப்பல் அனுப்பக்கூடும், போட்டி போடும் நாடுகள் எதுவும் அதை மறிக்கத் துணியாது என்பது அவருடைய கணக்கு. அதோடு விட்டிருக்கலாம். அவருக்குள் இருந்த தலைமன்னார்க் கிளாக்கர் விடவில்லை. மாரிக் கடல் அடங்கிவிட்டால், கிழக்குக் கரையில் பெரிய கப்பல் ஒன்றரைக் கட்டை தள்ளி நிற்கலாம், அங்கிருந்து சின்ன வள்ளங்களில் ஆட்களை ஏற்றலாம் என்று விரலை வைத்துக் காட்டினார். மைல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எங்கள் ஊர்க்காரர் மாதிரிக் கட்டை என்றே சொன்னார். அன்று எனக்கு அழுகை வந்தது. கப்பல் என் கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை தங்கையின் அழைப்பு வந்தது. அங்கே யாரோ வைத்திருந்த செய்மதித் தொலைபேசியில் வரிசையில் நின்று கிடைத்த சில நிமிடங்கள். நீரேரியைக் கடந்து வெளியேறுவதா, இருப்பதா என்று பதுங்குகுழிக்குள் சண்டை நடப்பதாகச் சொன்னாள். வெளிக்கிட்டால் இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்துத் துவக்குக்கும் பயம். இருந்தால் தலையில் செல் விழும். "ஆனால் அக்கா, கப்பல் வருகுதாம். ஒஸ்லோச் செய்தியாம். கரையிலையிருந்து ஒன்றரைக் கட்டை தள்ளி நிக்குமாம், வள்ளத்திலை ஏத்துவினமாம். அதுதான் பொறுத்துப் பாப்பம் எண்டு இவர் சொல்லுறார். நீ ஒஸ்லோவிலைதானே இருக்கிறாய், உண்மையோ?" என்றாள். நான் பதில் சொல்லும் முன் தொடர்பு அறுந்தது. இதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை ஆய்வாளர் அண்ணை துள்ளாத குறையாக வந்தார். கையில் இணையத்திலிருந்து அச்செடுத்த தாள். "பிள்ளை, நான் சொன்னது சரி வந்திட்டுது. இஞ்சை பாரும்" என்று நீட்டினார். ஒஸ்லோ இராசதந்திர வட்டாரங்களை மேற்கோள் காட்டி, மக்களை மீட்கக் கப்பல் வரவிருப்பதாக எழுதியிருந்தது. கப்பல் அனுப்புவதில் இரண்டு நாட்டு உளவுத்துறைகளுக்கிடையே இருந்த பிணக்குத் தீர்ந்துவிட்டதாம். அதை வாசிக்கத்தான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எனக்கும் சந்தோசம். தங்கையும் இதையே சொன்னாள் என்று சொல்லி, அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். ஒன்றரைக் கட்டை என்றபோது அவர் முகம் மாறியது. தாளை என் கையிலிருந்து வாங்கி மறுபடி வாசித்தார். அதிலும் ஒன்றரைக் கட்டை என்றே இருந்தது.

"எந்த இராசதந்திரி கட்டைக் கணக்கிலை கதைப்பான்?" என்றார். முதலில் எனக்கு விளங்கவில்லை. "பிள்ளை, இது என்ரை வசனம். நான் இந்தக் கதிரையிலை இருந்து சொன்னது. ஆரோ கேட்டு எழுதி, அதை இன்னொராள் கேட்டு எழுதி, உங்கடை தங்கச்சிட்டையும் போய், இப்ப என்னட்டையே சாட்சியாத் திரும்பி வந்திருக்கு." அப்படிச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். ஒலிபரப்புத் தொடங்க நான்கு நிமிடம் இருந்தது. அவர் தேநீரைத் தொடவில்லை. வழக்கமாகத் தன் எழுத்தைச் சத்தமாக வாசித்துப் பார்க்கும் மனிதர் தாள்களை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். வரைபடத்தை அன்று அவர் விரிக்கவேயில்லை என்பதைச் சிவப்பு விளக்கு எரிந்த பிறகே கவனித்தேன்.

அவர் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறேன். ஒலிவாங்கியின் முன்னால் எழுத்துத் தமிழில் பேசும் மனிதர் அன்று வீட்டில் கதைப்பதுபோலக் கதைத்தார். "கப்பல் வருகுது எண்ட கதைக்கு மூலம் நான்தான். வேறை மூலம் இல்லை. எனக்கு ஆரும் சொல்லேல்லை, நானா யோசிச்சுச் சொன்னனான். ஒண்டோடை ஒண்டு முட்டுற நாடுகள் எங்களுக்காக முட்டும் எண்டு நினைச்சன். எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் நிக்கும் எண்டு யோசிக்கேல்லை. உங்கடை ஆக்களோடை கதைக்கக் கிடைச்சால் ஒண்டு சொல்லுங்கோ. ஒஸ்லோவிலை இருக்கிற ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ. இருக்கச் சொல்லவும் எனக்குத் தகுதியில்லை, வெளிக்கிடச் சொல்லவும் தகுதியில்லை. தெரிஞ்ச மாதிரிக் கதைச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இதற்குள் என் முன்னால் இருந்த தொலைபேசி ஒளிரத் தொடங்கியது. வானொலிக் குழுத் தலைவர். "பிள்ளை, பாட்டைப் போடும். ஆளை நிப்பாட்டும். சனத்தின்ரை மனத்தை உடைக்கிறார்" என்றார். ஒலியைக் குறைக்கும் விசை என் விரலுக்குக் கீழே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. இதைத் துணிச்சல் என்று யாரும் நினைக்கவேண்டாம். தங்கையின் கேள்விக்கு விடை அப்போதுதான் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது, அதை முழுதாகக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர வேறெந்த எண்ணமும் என்னிடம் இருக்கவில்லை. "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று தலைவருக்குச் சொல்லிக்கொண்டே கடைசிச் சொல் வரை கேட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவருக்கும் நிகழ்ச்சி இல்லை, எனக்கும் ஒலிப்பலகை இல்லை. அதற்குப் பிறகு கிளம்பியதுதான் வேடிக்கை. அவர் இந்திய உளவுத்துறையின் ஆள் என்று ஒரு கூட்டம். இல்லை, கொழும்பின் ஆள் என்று இன்னொரு கூட்டம். மேற்கு நாடு ஒன்று பல வருடமாக எங்களுக்குள் ஊன்றி வைத்த ஆள் என்று மூன்றாவது கூட்டம். மூன்று பெரிய இடங்களில் ஒரே நேரத்தில் சம்பளம் வாங்கிய அந்த மனிதர், பாண் துண்டுகளுக்குள் நோர்வேக்காரரின் மண்ணிறப் பாற்கட்டி வைத்துத் தாளில் சுற்றிக்கொண்டு, பியோர்ண்டாலில் இருந்த வீட்டிலிருந்து பேருந்து பிடித்துத்தான் வேலைக்குப் போய் வந்தார். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு நடுவே சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வரும்போது அவருக்கு முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்ப மாட்டார்கள். அவரும் மனைவியும் ஒருவருக்கொருவர் கைகொடுத்துவிட்டு நிற்பார்கள். நான் இரண்டு வரிசை தள்ளி இருந்தேன். போயிருக்கலாம். போகவில்லை. பாட்டுப் புத்தகத்தில் ஏதோ தேடுவதுபோல நின்றேன். வன்னிக்குள் தங்கை இருக்கும்போது இங்கே யாருடைய பகையையும் தேடிக்கொள்ளாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சாட்டு என்று அப்போதே தெரியும்.

தங்கை மறுபடி அழைத்தது அந்த ஒலிபரப்புக்குப் பிறகு வந்த புதன்கிழமை. வேறெதுவும் கதைக்காமல் முதலிலேயே சொன்னேன். "கப்பல் எண்டது ஒராள் யோசிச்சுச் சொன்னதாம். ஒஸ்லோவிலை ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாதாம்." "ஆர் சொன்னது?" என்றாள். "சொன்னவரே சொல்லிப்போட்டார்" என்றேன். "சரி அக்கா" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு ஏழு வாரம் எந்தச் செய்தியும் இல்லை. ஏழு வாரத்தின் முடிவில் வவுனியாவிலிருந்து முன்பின் தெரியாத பெண் ஒருவர் அழைத்து, "உங்கடை தங்கச்சியும் இரண்டு பிள்ளையளும் முகாமிலை இருக்கினம்" என்றார். மூன்று பேரைத்தான் சொன்னார். நானும் நான்காவது ஆளைக் கேட்கவில்லை.

பதினொரு பேரும் சேர்ந்து வெளிக்கிட்டார்களாம். விடியப்புறம் நீரேரிக்குள் இறங்கி நடந்தபோது, தங்கையின் கணவர் சின்னவளைத் தோளில் வைத்திருந்தார். எந்தப் பக்கத்திலிருந்து வந்த வெடி என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையைத் தங்கையின் கையில் கொடுக்கும் வரை நின்றாராம். அவரோடு பக்கத்துக் குடும்பத்தில் ஒருவரும் போக, ஒன்பது பேர் கரையேறினார்கள். கப்பலை நம்பி அந்தக் கரையில் இருந்துவிட்ட எங்கள் ஊர்க் குடும்பங்களில் பல பேருக்கு இன்றுவரை என்ன ஆனது என்றே தெரியாது. என் தங்கையும் அவள் பிள்ளைகளும் இன்று மூச்சு விடுகிறார்கள் என்றால் அது அந்த நான்கு நிமிடத்தில் ஆய்வாளர் அண்ணை எடுத்த முடிவால்தான். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

முகாமிலிருந்து அவர்கள் வெளியே வந்த பிறகு, ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு பியோர்ண்டாலுக்குப் போனேன். நன்றி சொல்லப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும், வாசலில் வைத்தே, "தங்கச்சி ஆக்கள் எல்லாரும் வந்திட்டினமோ? எல்லாரும் சுகமோ?" என்று கேட்டார். ஒருவருட காலத்தில் பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. "ஓம் அண்ணை, எல்லாரும் சுகம்" என்றேன். நான் சொல்ல வந்த நன்றியை அவர் வாங்கவும் இல்லை. "நான் சொன்னதைக் கேட்டு வெளிக்கிட்டுச் செத்தவையும் இருப்பினம். முதல் கதையை நம்பி இருந்து செத்தவையும் இருப்பினம். அவையின்ரை ஆக்களும் என்னட்டை வந்து கதைக்கட்டும் பிள்ளை, அதுக்குப் பிறகு உம்மடை நன்றியை வாங்குறன்" என்றார். ரோல்ஸை மட்டும் வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பொய் சொல்லாத ஒரே மனிதருக்கு நான் சொன்ன பொய் அது. சொல்லிய பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. "தங்கச்சியின்ரை அவருக்கு என்ன வேலை?" என்று எப்போதாவது கேட்பார். "தோட்டம் செய்யுறார்" என்பேன். வருடங்கள் போகப் போக, சனம் மெல்ல மெல்ல அவர் பக்கம் திரும்பியது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் பக்கத்தில் வந்து இருந்தார்கள், பிறகு வீட்டுக்கு வந்தார்கள், ஒன்றுமே நடக்காதது மாதிரி. அவரும் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருந்தார்.

இப்போது உலகம் மறுபடி புரண்டு படுக்கிறது. நேற்றுவரை நண்பர்களாக இருந்த நாடுகள் முறைத்துக்கொள்கின்றன. நோர்வேயில் வீடுகளில் தண்ணீரும் மெழுகுதிரியும் சேர்த்து வைக்கச் சொல்கிறார்கள். முதியோர் இல்லத்தில் மதிய உணவு நேரத்தில் என் நோர்வேஜியச் சிநேகிதிகள், ஏதாவது நடந்தால் பெரிய நாடு உதவிக்கு வருமா வராதா என்று பேசிக்கொள்கிறார்கள். "வரும், வராமல் இருக்க முடியாது, அவர்களுக்கும் எங்கள் கடல் தேவை" என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். அந்தக் குரலை நான் முன்னரே கேட்டிருக்கிறேன். என்னைப் பார்த்து, "நீ என்ன நினைக்கிறாய்?" என்றாள். "எனக்குத் தெரியாது" என்றேன். அந்த இரண்டு சொல்லை வாய் கூசாமல் சொல்ல எனக்கு வந்தது யாரால் என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் ஆட்களும் விடுவதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஆய்வாளர் அண்ணையை மறுபடி தொலைபேசியில் பிடித்து, இந்தியா எந்தப் பக்கம், சீனா எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். "பேப்பரிலை என்ன எழுதியிருக்கெண்டு சொல்லுறன், அதுக்கு மேலை கேக்காதேங்கோ" என்று சிரிக்கிறாராம்.

சென்ற கோடையில் என் மகளின் கலியாணத்துக்குத் தங்கை வந்தாள். வந்திறங்கிய மறுநாளே, "அந்த அண்ணையைப் பாக்கவேணும்" என்றாள். நான் அவளை இருத்தி வைத்து என் பொய்யைச் சொன்னேன். அவர் கேட்டால் உன் கணவருக்கு வர வசதிப்படவில்லை என்று சொல், வயதான மனிதர், இருதய வருத்தமும் இருக்கிறது என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் சின்னவளாகிப் போனேன். "அவர் எங்களுக்குப் பொய் சொல்லேல்லை அக்கா. நாங்கள் ஏன் அவருக்குச் சொல்லுவான்?" என்றாள். பேருந்தில் போகும் வழியெல்லாம் நான் செபம் சொல்லிக்கொண்டு போனேன்.

அவர் வீட்டுக் குசினி மேசையில் நால்வரும் இருந்தோம். அவருடைய மனைவி தேநீர் ஊற்றினார். அவர் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், குரலை மட்டும் அறிந்த ஒருவரை நேரில் காண்பதுபோல. பிறகு எதிர்பார்த்ததைக் கேட்டார். "அவர் வரேல்லையோ?" தங்கை கோப்பையைக் கீழே வைத்தாள். "இவர் நீரேரியிலை தவறிட்டார் அண்ணை. நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கே" என்றாள். அவருடைய கை மேசையில் அப்படியே கிடந்தது. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. தங்கையைப் பார்த்து, "அப்ப என்னட்டை ஏன் வந்தனீங்கள்?" என்றார்.

"நீங்கள் சொன்னதை அக்கா சொன்ன உடனை நான் இவருக்குப் போய்ச் சொன்னனான்," என்றாள் தங்கை. "அதுவரைக்கும் பங்கருக்குள்ளை ஆளாளுக்கு ஒரு நாட்டைச் சொல்லிச் சண்டை. இவர் முழுக்கக் கேட்டார். பிறகு, 'அப்ப எங்களை நாங்கள்தான் பாக்கவேணும், வெளிக்கிடுவம்' எண்டார். எத்தினையோ நாளுக்குப் பிறகு அண்டைக்குத்தான் அவர் வடிவாச் சாப்பிட்டவர். ஏமாந்து போய் இருந்து சாகேல்லை அண்ணை. தெரிஞ்சு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். அதைச் சொல்லத்தான் வந்தனான்." அவர் அழுதார். தங்கை அழவில்லை. கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். போகும் நேரம் வந்தபோது அவர் ஒன்றுதான் கேட்டார். அவளுடைய கணவரின் பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்டார். அவள் சொன்னாள். தாளும் பேனாவும் எடுத்து எழுதிக்கொண்டார்.

கார்த்திகை பிறந்து, இறந்தவர்களுக்கான பூசை வந்தது. எங்கள் கோயிலில் ஒவ்வொரு குடும்பமும் தங்களுடைய இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிப் பூசை வைக்கும் சுவாமியிடம் கொடுக்கும். அவர் குடும்பம் குடும்பமாக வாசிப்பார். எங்கள் தாளில் என் தங்கையின் கணவருடைய பெயர், அம்மா அப்பாவின் பெயர்களுக்குக் கீழே, வழக்கம்போல வாசிக்கப்பட்டது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இன்னும் பல குடும்பங்கள் போன பிறகு சுவாமி வேறொரு தாளை எடுத்தார். ஆய்வாளர் அண்ணையின் தகப்பன், தாய், தமையன் என்று வாசித்துக்கொண்டு வந்தவர், கடைசியில் சற்றுத் தயங்கி, ஏற்கெனவே வாசித்த பெயராயிற்றே என்று தாளைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் தங்கையின் கணவருடைய பெயரை இரண்டாம் முறையும் வாசித்தார்.